நாற்கரத்தில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை

நாற்கரங்கள் பாடம் தொடங்கியதும் நோட்டில் ஓர் அட்டவணை ஏறிவிடுகிறது. இடப்பக்கம் இணைகரம், சாய்சதுரம், செவ்வகம், சதுரம், சரிவகம், பட்டம் என்று பெயர்கள். வலப்பக்கம் எதிர்க்கோணங்கள் சமம், அடுத்துள்ள கோணங்களின் கூடுதல் 180°, மூலைவிட்டங்கள் கோணங்களை இருசமக் கூறிடும் என்று வரிசையாகப் பண்புகள். பிள்ளைகள் அதைத் தேர்வுக்கு முந்தின இரவு உருப்போடுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் பட்டத்தின் பண்பைச் சரிவகத்துக்கும், சாய்சதுரத்தின் பண்பை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறவள் என்ற முறையில் அந்த அட்டவணைமேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. என்னிடம் படிக்கிறவர்களை அதை எழுத விடுவதில்லை.

எழுத வேண்டிய தேவையும் இல்லை. அதில் கோணம் பற்றி வரும் எல்லா வரிகளும் மூன்றே விஷயங்களிலிருந்து வருகின்றன. முக்கோணத்தின் மூன்று கோணங்கள் சேர்ந்தால் 180°. இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டினால், அதன் ஒரே பக்கத்தில் உள்ள உட்கோணங்கள் சேர்ந்து 180°. இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். இவை மூன்றும் கையில் இருந்தால், நாற்கரத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் ஒரு கோடு வரைந்து பதில் சொல்லிவிடலாம். எந்தக் கோட்டை வரைவது என்பதுதான் படிக்க வேண்டிய விஷயம்.

முதலில் எல்லா நாற்கரத்துக்கும் பொதுவானதைப் பார்ப்போம். ஒரு தாளில் கோணல்மாணலாக ஒரு நாற்கரம் வரைந்து வெட்டி எடுங்கள். நான்கு மூலைகளிலும் வண்ணம் பூசி, நான்கையும் கிழித்து, நுனிகள் ஒரே புள்ளியில் தொடும்படி ஒட்டுங்கள். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் நிரம்பிவிடும். ஒரு முழுச் சுற்று, 360°. இதைச் செய்யும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் மகிழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இதோடு விட்டுவிடக்கூடாது. கிழித்துப் பார்த்தது அந்த ஒரு தாளுக்குத்தான் சாட்சி. எல்லா நாற்கரத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் வேண்டும்.

காரணம் ஒரே கோடுதான். நாற்கரத்தின் உச்சிகளுக்கு க, ச, த, ப என்று வரிசையாகப் பெயர் வைத்துக்கொள்வோம். கத என்ற மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 180°. க, த ஆகிய இரண்டு கோணங்களும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு முக்கோணத்தில் போய்ச் சேர்கின்றன. ச ஒரு முக்கோணத்தில், ப மற்றொன்றில். எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை எண்ணப்படவில்லை. ஆகவே 360°.

இங்கே ஒரு மாணவி கேட்ட கேள்வியைச் சொல்லியே ஆக வேண்டும். “டீச்சர், கோடு வெளியே போய்ட்டா?” அவள் வரைந்திருந்தது குழிந்த நாற்கரம், அதாவது ஒரு மூலை உள்பக்கமாக மடிந்தது. பாடப் படங்களில் பெரும்பாலும் குவிந்த நாற்கரமே வருவதால் இந்தக் கேள்வி பலருக்குத் தோன்றுவதேயில்லை. அவளுக்குத் தோன்றியது.

இதற்கு நான் எப்போதும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொள்வேன். கசத என்று ஒரு சமபக்க முக்கோணம் வரையுங்கள். அதன் மையத்தில் ப என்று ஒரு புள்ளி. இப்போது கபத என்ற சின்ன முக்கோணத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது கசதப என்ற குழிந்த நாற்கரம். க-வில் 30°, ச-வில் 60°, த-வில் 30°. ப-வில்? கோணமானியை வைத்ததும் பெரும்பாலான பிள்ளைகள் 120° என்று எழுதுவார்கள். கூட்டினால் 240°தான் வரும். தேற்றம் பொய்த்துவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவர்கள் அளந்த 120° நாற்கரத்துக்கு வெளியே, வெட்டி எறிந்த பகுதியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கோணம் 240°, பின்வளை கோணம், அதாவது 180°-ஐத் தாண்டியது. அதைப் போட்டால் 30 + 60 + 30 + 240, சரியாக 360°.

அந்த மாணவியின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. மடிந்த மூலையிலிருந்து கிளம்பும் மூலைவிட்டம், அதாவது சப, உள்ளேயேதான் போகும். அதை வரைந்தால் பழைய நிரூபணம் ஒரு எழுத்து மாறாமல் செல்லும். இரண்டாவது பதில் எனக்கு இன்னும் பிடித்தது. வெளியே போகும் கத-வையே வரையுங்கள். பெரிய முக்கோணம் கசத-வின் கோணங்கள் 180°. அதில் க, த மூலைகளில் சின்ன முக்கோணத்தின் இரண்டு கோணங்களைக் கழிக்க வேண்டும். ப-வில் 360°-லிருந்து சின்ன முக்கோணத்தின் மூன்றாவது கோணத்தைக் கழித்தது நமக்கு வேண்டிய உட்கோணம். மொத்தத்தில் கழித்தது சின்ன முக்கோணத்தின் மூன்று கோணங்களும், அதாவது 180°. ஆகவே 180 − 180 + 360. மறுபடியும் அதே எண். வெளியே போன கோடும் நம்மை ஏமாற்றவில்லை.

பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் மட்டும் கதை வேறு. அப்போது உச்சியோடு உச்சி முட்டிக்கொண்ட இரண்டு முக்கோணங்களாக உருவம் மாறிவிடும். வெட்டும் இடத்தில் உள்ள குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பதால், நான்கு மூலைகளின் கூடுதல் 360°-லிருந்து அந்தக் கோணத்தின் இருமடங்கைக் கழித்தால் வருவது. அதை நாம் நாற்கரம் என்று பொதுவாக எண்ணுவதில்லை. ஆனாலும் ‘எல்லா நாற்கரத்துக்கும்’ என்று சொல்லும்போது எதை விலக்கி வைத்தோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வேறு வழியிலும் 360-ஐ எட்டலாம். குவிந்த நாற்கரத்துக்குள் ஏதோ ஒரு புள்ளி வைத்து நான்கு உச்சிகளோடும் சேர்த்தால் நான்கு முக்கோணங்கள், 720°. நடுப்புள்ளியைச் சுற்றி உள்ள 360° நமக்கு வேண்டாதது, கழித்துவிடலாம். அல்லது உருவத்தின் விளிம்பில் நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் திரும்புகிறீர்கள், அந்தத் திருப்பம்தான் வெளிக்கோணம். புறப்பட்ட இடத்துக்கு வந்து அதே திசையைப் பார்த்து நின்றால் மொத்தம் ஒரு முழுச் சுற்று திரும்பியாகிவிட்டது. வெளிக்கோணங்களின் கூடுதல் 360°. குழிந்த நாற்கரமானால் ஒரு மூலையில் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும், அந்த ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த வழியின் சிறப்பு என்னவென்றால் ஐங்கோணமோ அறுகோணமோ, எத்தனை பக்கம் இருந்தாலும் திருப்பங்களின் கூடுதல் மாறுவதே இல்லை. நாற்கரத்தில் மட்டும் உட்கோணங்களுக்கும் வெளிக்கோணங்களுக்கும் ஒரே கூடுதல் வந்துவிடுகிறது. அதனாலேயே பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

360 என்று தெரிந்துவிட்டால் என்னவெல்லாம் முடியாது என்பதும் தெரிந்துவிடுகிறது. நான்கு கோணங்களும் குறுங்கோணமாக இருக்க முடியாது, நான்கும் விரிகோணமாகவும் இருக்க முடியாது. மூன்று குறுங்கோணம் இருக்கலாம்: 80, 80, 80, 120. மூன்று விரிகோணமும் இருக்கலாம்: 100, 100, 100, 60. பின்வளை கோணம் ஒன்றுக்கு மேல் வராது, இரண்டு வந்தால் அவையே 360-ஐத் தாண்டிவிடும். இவற்றைத் தனித்தனிப் பண்புகளாக எழுதி வைத்துப் படிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கிழித்த தாளை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளும் ஒரு புள்ளியைச் சுற்றி நிரம்புகின்றன என்பதற்கு இன்னொரு பெரிய விளைவு உண்டு. எந்த நாற்கரத்தை எடுத்தாலும், அதே அச்சில் நிறைய வெட்டிக்கொண்டு, ஒரு தளம் முழுவதையும் இடைவெளி இல்லாமல் பரப்பிவிடலாம். சதுரம், செவ்வகம் மட்டுமல்ல, எவ்வளவு கோணலானதும் சரி, குழிந்ததும் சரி. செய்முறையும் எளிது. ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு நாற்கரத்தை அரைச்சுற்று சுற்றினால் அதன் அண்டை நாற்கரம் கிடைக்கும். நான்கு பக்கங்களிலும் இப்படியே செய்துகொண்டு போனால், சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் க, ச, த, ப என்ற நான்கு கோணங்களும் ஒவ்வொரு முறை வந்து அமர்ந்திருக்கும். ஐங்கோணங்களில் இது எல்லாவற்றுக்கும் நடக்காது, ஒழுங்கு ஐங்கோணத்துக்கே நடக்காது. ஒரு மாலை நேரம் கிடைத்தால் அட்டையில் ஒரு குழிந்த நாற்கரத்தை வெட்டி, அதைச் சுற்றிச் சுற்றி வரைந்து பாருங்கள். கடைசித் துண்டு கச்சிதமாகப் போய் உட்காரும்போது கிடைக்கும் திருப்தி தனி.

சரி, பெயர் வைத்த நாற்கரங்களுக்கு வருவோம். இணைகரத்தில் கச-வும் பத-வும் இணை. சத குறுக்குவெட்டி. ஆகவே ச + த = 180°. கப-வும் சத-வும் இணை, பத குறுக்குவெட்டி, ஆகவே த + ப = 180°. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ச = ப. எதிர்க்கோணங்கள் சமம் என்ற பண்பு இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு மூலை செங்கோணமானால் மற்ற மூன்றும் செங்கோணமாகியே தீரும். செவ்வகத்துக்கென்று தனியாக எழுத எதுவும் இல்லை. ஒரே ஒரு ஜோடி இணைகோடு இருந்தால் சரிவகம். அங்கே பாதிக் கதைதான்: இணைப்பக்கங்களை இணைக்கும் ஒவ்வொரு சாய்ந்த பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள கோணங்கள் சேர்ந்து 180°. மற்றபடி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

மறுதலைக்கு வரும்போதுதான் 360 உள்ளே நுழைகிறது. க = த, ச = ப என்று மட்டும் தெரியும், இணைகோடு பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்கின் கூடுதல் 360 என்பதால் க + ச = 180°. உடனே கப-வும் சத-வும் இணை. அதேபோல் ச + த = 180°, மற்ற ஜோடியும் இணை. ஆகவே இணைகரம். ஆனால் எதிர்க்கோணங்களில் ஒரு ஜோடி மட்டும் சமம் என்றால் இணைகரம் என்று சொல்ல முடியாது. பட்டம் குறுக்கே வந்து நிற்கும்.

பட்டத்தில் பொதுவாக இணைகோடு கிடையாது, அதனால் மூன்றாவது கருவியை எடுக்க வேண்டும். பட்டம் என்றால் அடுத்தடுத்த பக்கங்கள் ஜோடி ஜோடியாகச் சமம்: கச = கப, தச = தப என்று வைத்துக்கொள்ளுங்கள். சப-வை வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். மேல் முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம், கீழ் முக்கோணத்தின் அடிக்கோணங்களும் சமம். இரண்டையும் கூட்டினால் ச = ப. சாய்சதுரம் என்பது பட்டமாகவும் இணைகரமாகவும் ஒரே நேரத்தில் இருப்பது, ஆகவே இரண்டின் பண்புகளும் அதற்கு உண்டு. அட்டவணையில் நாலு வரி பிடிக்கும் விஷயம் இது.

இருசமபக்கச் சரிவகத்தின் அடிக்கோணங்கள் ஏன் சமம் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் “பார்த்தாலே தெரியுதே” என்பார்கள். ஒரு கோடு போதும். கச நீளமான அடி, பத மேல் பக்கம், கப = சத. த-விலிருந்து பக-வுக்கு இணையாக ஒரு கோடு இழுத்து அடியை வ-வில் தொடச் செய்யுங்கள். கவதப இணைகரம், அதனால் தவ = பக = தச. ஆகவே வசத இருசமபக்க முக்கோணம், அதில் வ-வின் கோணமும் ச-வின் கோணமும் சமம். வ-வின் கோணம் க-வின் ஒத்த கோணம். முடிந்தது. இணைகோடும் இருசமபக்கமும் கைகோத்து வேலை செய்கிற இந்த நிரூபணம் இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று.

அதைவிடப் பிடித்தது வட்ட நாற்கரம். நான்கு உச்சிகளும் ஒரு வட்டத்தின் மேல் இருந்தால் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தமது ‘எலிமென்ட்ஸ்’ என்ற வடிவியல் நூலின் மூன்றாம் புத்தகத்தில் 22-ஆவது தேற்றமாக வைத்திருப்பது இது. வழக்கமாக, பரிதியில் அமையும் கோணம் மையத்தில் அமையும் கோணத்தில் பாதி என்ற தேற்றத்தைக் கொண்டு இதை நிரூபிப்பார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தத் தேற்றம் தெரியாத பிள்ளைக்குக்கூட இதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

வட்ட மையம் ம, நாற்கரத்துக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மக, மச, மத, மப நான்கும் ஆரங்கள், ஆகவே சமம். நாற்கரம் நான்கு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. மகச-வின் அடிக்கோணங்கள் இரண்டுக்கும் அ என்று பெயர். மசத-வுக்கு ஆ, மதப-வுக்கு இ, மபக-வுக்கு ஈ. இப்போது மூலைகளைப் பாருங்கள். க-வில் ஈ-யும் அ-வும். ச-வில் அ-வும் ஆ-வும். த-வில் ஆ-வும் இ-யும். ப-வில் இ-யும் ஈ-யும். க-வையும் த-வையும் கூட்டினால் அ + ஆ + இ + ஈ. ச-வையும் ப-வையும் கூட்டினாலும் அ + ஆ + இ + ஈ. இரண்டு கூட்டலும் சமம், மொத்தம் 360. ஆகவே ஒவ்வொன்றும் 180.

இதைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் நான் ஒன்றும் பேசாமல் நிற்பேன். யாராவது ஒருவர் “மையம் வெளியே இருந்தா?” என்று கேட்க வேண்டும் என்று காத்திருப்பேன். குழிந்த நாற்கரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். பக என்ற பக்கத்துக்கு அந்தப்புறம் மையம் இருந்தால், மபக முக்கோணம் நாற்கரத்துக்கு வெளியே விழுகிறது. க-வில் அ − ஈ, ப-வில் இ − ஈ என்று மாற வேண்டும், வேறு மாற்றம் இல்லை. க + த = அ + ஆ + இ − ஈ. ச + ப-வும் அதுவே. கூட்டல் குறி கழித்தல் குறியானது தவிர நிரூபணம் அப்படியே நிற்கிறது.

இதிலிருந்து கொட்டுகிறவை ஏராளம். வட்டத்துக்குள் வரைந்த இணைகரம் செவ்வகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் எதிர்க்கோணங்கள் சமமாகவும் இருக்க வேண்டும், கூடுதல் 180 ஆகவும் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் வரைந்த சரிவகம் இருசமபக்கச் சரிவகமாகத்தான் இருக்கும். வட்ட நாற்கரத்தின் ஒரு பக்கத்தை நீட்டினால் வரும் வெளிக்கோணம் எதிர் மூலையின் உட்கோணத்துக்குச் சமம். மறுதலையும் உண்மை: எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180 ஆனால் நான்கு உச்சிகளும் ஒரு வட்டத்தில் அமர்ந்தே தீரும்.

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று. ஒரு நாற்கரத்தின் கோணங்கள் வரிசையாக 2 : 3 : 7 : 6 என்ற விகிதத்தில் உள்ளன, அது எப்படிப்பட்ட நாற்கரம்? கோணங்களைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. 18 பங்கு, ஒரு பங்கு 20°. 40, 60, 140, 120. பெரும்பாலானோர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். “கேள்வி முடியலை” என்பேன். எதிரெதிரே பாருங்கள்: 40 + 140 = 180, 60 + 120 = 180. வட்ட நாற்கரம். இப்போது கடைசி இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள், 2 : 3 : 6 : 7. கோணங்கள் அதே 40, 60, 120, 140. ஆனால் இப்போது 60-ம் 120-ம் அடுத்தடுத்து இருக்கின்றன, 140-ம் 40-ம் அடுத்தடுத்து. வட்டம் போய்விட்டது, ஒரு ஜோடி இணைகோடு வந்துவிட்டது. சரிவகம்! அதே நான்கு எண்கள்தான், உட்காரும் வரிசை மட்டும் மாறியிருக்கிறது. இன்னும் ஒரு வரிசை மிச்சம் இருக்கிறது, 40-க்கு எதிரே 60 வருவது. அதுவும் சரிவகமே, ஆனால் முந்தையதைவிட வேறு மாதிரி சாய்ந்தது. 180 எதிரெதிராக வந்தால் வட்டம், அடுத்தடுத்து வந்தால் இணைகோடு என்பதை இந்தக் கணக்கு போட்ட பிள்ளை மறப்பதில்லை.

கோணங்களைத் தனியே பேசிக்கொண்டிருந்தோம். பக்கங்களுக்கும் அவற்றுக்கும் என்ன உறவு? முக்கோணத்தில் மூன்று பக்கங்களும் தெரிந்தால் கோணங்கள் முடிவாகிவிடும். நாற்கரத்தில் அப்படியில்லை. நான்கு அட்டைப் பட்டைகளை முனைகளில் ஊசி குத்தி இணைத்தால் அது நின்ற இடத்தில் நிற்காது, சாய்த்தால் சாயும். பக்க நீளங்கள் மாறவில்லை, கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அவற்றின் கூடுதல் மட்டும் 360-ஐ விட்டு நகர்வதில்லை. அந்த அசைவில் ஒரு கட்டத்தில் பரப்பு மிக அதிகமாகிறது. எப்போது தெரியுமா? எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° ஆகும்போது, அதாவது நான்கு மூலைகளும் ஒரு வட்டத்தில் வந்து அமரும்போது. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் நான்கு பக்கங்களை மட்டும் வைத்துப் பரப்பு காண ஒரு சூத்திரம் கொடுத்தார். அது துல்லியமாகப் பொருந்துவது வட்ட நாற்கரங்களுக்கு. 1842-இல் ஜெர்மன் கணித அறிஞர் பிரெட்ஷ்னைடர் எல்லா நாற்கரத்துக்குமாகக் கொடுத்த பொதுச் சூத்திரத்தில், எதிர்க்கோணங்களின் கூடுதலில் பாதியை வைத்து ஒரு கழித்தல் உறுப்பு கூடுதலாக நிற்கிறது. அந்தப் பாதி 90° ஆகும்போது கழிக்க ஒன்றுமில்லாமல் போகிறது, பிரம்மகுப்தரின் சூத்திரம் மிஞ்சுகிறது. சாய்சதுரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், சதுரமாக நிமிரும்போது பரப்பு உச்சத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் முக்கோணத்தின் 180-ல் கொண்டுபோய் நிறுத்தினோமே, அந்த 180 எங்கிருந்து வருகிறது? முக்கோணத்தின் ஓர் உச்சி வழியாக எதிர்ப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து நிரூபிக்கிறோம். ஆக அடியில் கிடப்பது இணைகோடு. இணைகோடுகளைப் பற்றி யூக்ளிட் நிரூபிக்காமலேயே அடிப்படையாக ஏற்றுக்கொண்ட கூற்றை, அதாவது இணைகோட்டு எடுகோளை, மற்ற எடுகோள்களிலிருந்து நிரூபிக்க முடியுமா என்று பல நூற்றாண்டுகள் முயன்றார்கள். அந்த முயற்சிக்கு அவர்கள் பிடித்துக்கொண்டது ஒரு நாற்கரத்தை! ஓர் அடிக்கோடு, அதன் இரு முனைகளிலும் செங்குத்தாக இரண்டு சம நீளக் கோடுகள், மேலே இரண்டையும் சேர்க்கும் கோடு. மேல் கோணங்கள் இரண்டும் சமம் என்று இணைகோட்டைத் தொடாமலேயே நிரூபித்துவிடலாம். ஆனால் அவை செங்கோணமா, குறுங்கோணமா, விரிகோணமா? 11-ஆம் நூற்றாண்டில் உமர் கய்யாம் இந்தக் கேள்வியை எடுத்தார். 1733-இல் இத்தாலியப் பாதிரியார் சக்கேரி இதே நாற்கரத்தை வைத்துக்கொண்டு, குறுங்கோணம் என்று கொண்டால் முரண்பாடு வரும் என்று காட்டப் பக்கம் பக்கமாகப் போராடினார். 19-ஆம் நூற்றாண்டில் லோபசெவ்ஸ்கி, போல்யாய் என்ற இரண்டு கணித அறிஞர்கள், குறுங்கோணம் என்று கொண்டாலும் முழுமையான ஒரு வடிவியல் இருக்க முடியும் என்று காட்டினார்கள். அந்த வடிவியலில் நாற்கரத்தின் கூடுதல் 360-க்குக் குறைவு, அங்கே செவ்வகம் என்ற ஒன்றே கிடையாது.

விரிகோணத்தைப் பார்க்க ஒரு பந்து போதும். நடுக்கோட்டில் ஓர் அடி வரைந்து, இரு முனைகளிலிருந்தும் துருவம் நோக்கிச் சம தூரம் போய், அந்த இரண்டு முனைகளையும் பந்தின் மேல் ஒரு நூலை இறுக்கிப் பிடித்து இணையுங்கள். நூல் துருவத்தின் பக்கமாக வளைந்து போகும். மேல் கோணங்கள் 90-ஐத் தாண்டிவிடும், கூடுதல் 360-க்கு மேல். எவ்வளவு அதிகம் என்பது அந்த நாற்கரம் அடைக்கும் பரப்பைப் பொறுத்தது. இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும் என்பேன். 360 வேறு மாதிரியும் ஆகலாம் என்று பார்த்த பிள்ளைக்குத்தான் தட்டைத் தாளில் அது ஏன் 360 என்ற கேள்வியின் அருமை புரிகிறது.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று தருகிறேன். ஏதாவது ஒரு குவிந்த நாற்கரத்தை எடுத்து நான்கு மூலைகளிலும் கோண இருசமவெட்டிகளை வரையுங்கள். அடுத்தடுத்த இருசமவெட்டிகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளும் பெரும்பாலும் ஒரு புது நாற்கரத்தைத் தரும். எப்படிப்பட்ட கோணலான உருவத்தில் தொடங்கினாலும் அந்தப் புது நாற்கரம் வட்ட நாற்கரம்! காரணம் இதுவரை பேசியதுதான். க, ச-வின் இருசமவெட்டிகள் சந்திக்கும் இடத்தில் கோணம் 180-லிருந்து க + ச-வின் பாதியைக் கழித்தது. எதிர்ப்புறத்தில் 180-லிருந்து த + ப-வின் பாதியைக் கழித்தது. கூட்டினால் 360-லிருந்து 360-ன் பாதி போய் 180.

இணைகரத்தில் தொடங்கினால் புது நாற்கரம் செவ்வகமாகிவிடும், அடுத்துள்ள கோணங்களின் பாதிகள் சேர்ந்து 90 ஆவதால். செவ்வகத்தில் தொடங்கினால் சதுரம். சாய்சதுரத்திலும் பட்டத்திலும் நான்கு இருசமவெட்டிகளும் ஒரே புள்ளியில் போய் முட்டி, நாற்கரமே கிடைக்காது. அப்படி முட்டினால், நான்கு பக்கங்களையும் தொடும் ஒரு வட்டத்தை உள்ளே வரையலாம் என்று பொருள்.

இப்போது 8 செ.மீ., 5 செ.மீ. பக்கங்கள் உள்ள இணைகரம் ஒன்றை வரைந்து அந்தச் செவ்வகத்தை எடுங்கள். அதன் மூலைவிட்டத்தை அளந்தால் 3 செ.மீ. வரும். இணைகரத்தை வேறு கோணத்தில் சாய்த்து வரைந்தாலும் அதே 3 செ.மீ.தான், அதாவது இரண்டு பக்கங்களின் வித்தியாசம். ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: ஒரு மூலையின் இருசமவெட்டியை எதிரே உள்ள நீளமான பக்கம்வரை நீட்டுங்கள். அங்கே ஓர் இருசமபக்க முக்கோணம் உருவாகியிருக்கும்.